மூக்குச் சுவரில் ஒரு குழி

திரையில் மாரிசெல்வியின் மூக்கின் உட்புறம் ஈரச் சிவப்பாகத் தெரிந்தது. நடுச்சுவர் இடப்பக்கம் வளைந்திருந்தது. அந்த வளைவில் குண்டூசியால் குத்தியதுபோல் ஒரு குழி.

"அது புண்ணா டாக்டர்?"

"புண்ணு இல்ல. பாம்பு நாக்கை நீட்டி நீட்டி இழுக்குதில்ல, காத்துல இருக்கிற வாசனையை வாய் மேலண்ணத்துல இருக்கிற இந்த மாதிரி குழியிலதான் கொண்டுபோய்ச் சேர்க்குது. எலி இதை வெச்சுத்தான் ஜோடி தேடும்," என்றார் டாக்டர் சுபஸ்ரீ. "நமக்குக் குழி மட்டும் மிச்சம். கருவுல இருக்கிறப்ப நரம்பு இருக்கும், அப்புறம் மறைஞ்சிடும். வேலை செய்யுதுன்னு யாரும் நிரூபிக்கல. ஆபரேஷன்ல வளைஞ்சத எடுக்கும்போது இதுவும் போயிடலாம்."

தண்டலம் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் பஸ்ஸில் 'ஜோடி' என்ற சொல் மட்டும் அவளை விடவில்லை. தென்காசியில் மூன்று வரன்களை வேண்டாம் என்றவள். நான்காவதாக வந்த கொம்பையாவுக்கு ஒரகடத்துக் கார் கம்பெனியில் பெயிண்ட் அடிக்கும் பிரிவில் வேலை. அங்கே சென்ட், பவுடர், தலைக்கு எண்ணெய் எதுவும் கூடாது. வண்டியில் பட்டால் பெயிண்ட் பள்ளம் பள்ளமாகிவிடும். அந்தப் பழக்கத்தில் பெண் பார்க்கவும் ஒன்றும் பூசாமல் வந்திருந்தான். 'கஞ்சப்பய' என்றாள் அம்மா. அவள் நீட்டிய தண்ணீர்ச் செம்பை அவன் கிட்ட வந்து வாங்கிய நொடியே மாரிசெல்விக்குச் சம்மதம். ஏனென்று அவளுக்கே தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் அவனிடம் சொன்னாள்.

"பாம்புக்குல்லா தாலி கட்டிருக்கேன்!" என்று சிரித்தான் கொம்பையா.

"வெளையாடாதிய. அதை எடுத்துட்டா உங்க மேல உள்ள பிரியமும் போயிருமோன்னு இருக்கு."

சிரிப்பு நின்றது. "அப்ப என்னையப் பாத்துச் சரின்னு சொல்லலையாட்டி? அந்தக் குழிதான் சொல்லிச்சா?"

"அப்படியா சொன்னேன்?"

"எடுத்துரு. எடுத்த பொறவும் இருக்கியான்னு பாப்போம்."

ஓராண்டாக அடைத்த மூக்கு, தூக்கமில்லை. அவள் வேலை பார்க்கும் கம்பெனி லைனில் முகக்கவசம் போட்டால் மூச்சு முட்டியது. இனி வேண்டாமென்று சொல்லவும் முடியாது. சொன்னால் எல்லாம் அந்தக் குழியில்தான் இருக்கிறதென்று அவளே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

"இன்னாமே, ஒரு கையெழுத்துக்கு இவ்ளோ நேரமா? பின்னால ஆளு கீது," என்றாள் ஆபரேஷனுக்கான சம்மதத் தாளை நீட்டிய ஆஸ்பத்திரி ஆயா முனியம்மாள். மாரிசெல்வி போட்டாள்.

மயக்கம் தெளிந்தபோது இரண்டு நாசியிலும் பஞ்சு அடைத்திருந்தது. சுவர் நேராகிவிட்டது, வளைந்த துண்டோடு குழியும் போய்விட்டது என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார். கால்மாட்டில் நின்ற கொம்பையா கேட்டுக்கொண்டிருந்தான்.

"எப்படியிருக்கு?"

"வலிக்கி."

"அதைக் கேக்கல."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். தனக்குள் அந்தப் பிரியத்தைத் தேடினாள். இதுவரை ஒருநாளும் தேட வேண்டியிருந்ததில்லை. அவள் தேடுவதை அவன் பார்த்துவிட்டான்.

காலை மடக்கிக் கட்டிலில் இடம் விட்டாள். அவன் உட்காரவில்லை.