மூன்று வருட அதிர்ஷ்டம்

சாமந்திப் பூக்களைக் கொஞ்சம் ஒதுக்கி, ஊதுவத்திக் கிண்ணத்தை ஒரு சாண் இடப்பக்கம் தள்ளி, தாக் கி-பொமின் படத்துக்குக் கீழே அந்தக் கேடயத்தை நிறுத்தினார் பியோ. இரண்டடி பின்னால் வந்து கோணல் பார்த்தார். சந்தையில் ஜிப் விற்கிறவர். சரக்கு நேராக நிற்காவிட்டால் தூக்கம் வராது.

துக்க மண்டபத்தில், படத்துக்குப் பக்கத்தில் கருப்புத் துக்க உடையில் உட்கார்ந்திருந்த கும்-ஓக் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கேடயத்தின் நடுவே ஒரு கோல்ஃப் பந்து. அதன் கீழே பொன்னெழுத்தில் அவள் கணவன் பெயர், ஹோல்-இன்-ஒன், மூன்றாவது குழி, நூற்று நாற்பத்தைந்து மீட்டர். தேதி முந்தைய நாளுடையது. அவர் செத்த தேதியும் அதுதான்.

ஒரே அடியில் பந்து குழிக்குள் போனால் அடித்தவனுக்கும் கூட நின்றவர்களுக்கும் மூன்று வருடம் அதிர்ஷ்டம் என்று சந்தையில் சத்தியம் செய்வார்கள். அது நிஜ மைதானத்துப் புல்லோ, திரையைப் பார்த்து அடிக்கிற கோல்ஃப் கூடத்துப் புல்லோ, வித்தியாசமில்லை. கூட ஆடியவர்கள் கேடயம் செய்து தர வேண்டும், அடித்தவர் விருந்து வைக்க வேண்டும். விருந்து, துக்கம் கேட்க வந்தவர்களுக்கு, பக்கத்து அறையில் நடந்துகொண்டுதான் இருந்தது. சிவப்பாக மாட்டிறைச்சி சூப், அரிசிக் கேக், சோஜு சாராயம், மூலையில் நாலு பேர் சீட்டாட்டம். எல்லாம் அடித்தவர் செலவில்தான்.

வருகிறவர்களுக்கெல்லாம் பியோ கதை சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணன் அடித்தார், பந்து ஒரு குதி குதித்து நேராக உள்ளே போனது, திரும்பிப் பார்த்துச் சிரித்தார், ஒரு சிகரெட் பிடித்துவிட்டு வருகிறேன் என்று படிக்கட்டுப் பக்கம் போனார், அங்கேயே மாரடைப்பு. சந்தோஷத்தில் போன உயிர். நேற்று ஒரு குதி குதித்த பந்து இன்று மத்தியானத்துக்குள் இரண்டு குதி குதித்து, கொடிக்கம்பத்தையும் தொட்டுவிட்டு விழ ஆரம்பித்திருந்தது.

கும்-ஓக்குக்கு அந்தப் பந்து எப்படிப் போனது என்பதைப் பற்றிக் கவலையில்லை. மூன்று குளிர்காலமாக அந்தப் பந்தோடு குடித்தனம் நடத்தியவள் அவள். டிசம்பரில் தரை கல்லாக இறுகி மைதானங்களைப் பூட்டினால், ஹாலில் பச்சை விரிப்பு விரிந்துவிடும். டொக், அப்புறம் உருளுகிற சத்தம். மறுபடி டொக். பால்கனியில் வலை கட்டி அதில் வேறு அடி. கீழ்வீட்டுக்காரி துடைப்பக் கட்டையால் கூரையை இடிப்பாள். இத்தனை நாள் அவளோடு சண்டைக்குப் போனது கும்-ஓக்தான். என் வீட்டுக்குள் என் புருஷன் எதை வேண்டுமானாலும் உருட்டுவார் என்று வாசலில் நின்று கத்தியவள்.

நேற்றுக் காலை அவள் கட்சி மாறினாள். கீழ்வீட்டுக்காரி பார்க்கப் பார்க்க, விரிப்பைச் சுருட்டிக் கொண்டுபோய்க் குப்பைத்தொட்டிப் பக்கம் வீசிவிட்டு வந்து, எங்கேயாவது போய் அடித்துத் தொலையுங்கள், ராத்திரி வரைக்கும் மூஞ்சியைக் காட்டாதீர்கள் என்றாள். அவர் சாப்பிடாமல் போனார். காட்டச் சொன்ன நேரத்திலும் காட்டவில்லை.

சந்தையில் இருக்கிற அவர்கள் பொத்தான் கடையில் சரக்கு வாங்குகிறவர்களுக்கு இன்னும் தகவல் போகவில்லை என்று மகன் தோ-ஜின் நினைவுபடுத்தினான். தன் கைபேசியை அவள் நேற்றிலிருந்து அணைத்தே வைத்திருந்தாள். அதனால் கணவனுடையதை வாங்கிக்கொண்டு நடைபாதைக்கு, வரிசையாக நின்ற மலர்வளையங்களின் மறைவுக்குப் போனாள். திறந்ததுமே திரையில் ஒரு வாழ்த்து. உங்கள் ஹோல்-இன்-ஒன் வீடியோ தயார். அந்தக் கூடங்களில் இயந்திரமே ஒவ்வொரு அடியையும் படம் பிடித்து, ஆடினவர் கைபேசிக்கு அனுப்பிவிடும்.

அழுத்தினாள்.

கட்டம்போட்ட கால்சட்டை. விரிப்பின் எதிர்ப்பக்கம் நின்று மட்டையை ஓங்குகிற ஆள். இடது கைக்காரன். சந்தையில் இடது கையால் கோல்ஃப் அடிக்கிறவர் ஒருத்தர்தான், பியோ. சோற்றுக்கு மட்டும் சின்ன வயதில் அப்பா அடித்து அடித்து வலது கைக்கு மாற்றிவிட்டதாக அவரே சொல்லிச் சிரிப்பார். திரையில் வாணவேடிக்கை வெடித்தது. மூன்று பேர் கட்டிக்கொண்டு குதித்தார்கள். மூன்று பேர்தான். பின்னால் சோபாவில் தாக் கி-பொமின் கையுறையும் தண்ணீர் பாட்டிலும் இருந்தன, இடம் காலி. மணி நாலு பன்னிரண்டு.

ஆம்புலன்ஸை அழைத்தது நாலு முப்பத்தொன்றுக்கு என்று ஆஸ்பத்திரிக் காகிதத்தில் இருந்தது.

எப்படி நடந்திருக்கும் என்று அவளுக்குச் சொல்ல ஆள் தேவையில்லை. தன் முறை வரும்போது அவர் எழுந்து வெளியே போயிருக்கிறார். இயந்திரம் அவர் பெயரைக் காட்டிக்கொண்டு காத்திருக்கிறது. திரையில் இருந்த பெயரைப் பார்க்காமல், தன் முறை என்று நினைத்து பியோ அடித்துவிட்டார். அந்தக் கூடங்களில் தினம் நடக்கிற தப்பு. சிரித்துவிட்டு ரத்து செய்துவிட்டு மறுபடி அடிப்பார்கள். குழிக்குள் போன பந்தை எவன் ரத்து செய்வான்?

பியோவை ஜாடை காட்டிக் கூப்பிட்டாள். வாயைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"தம்பி, எங்க வீட்டுக்காரரு எந்தக் கையால அடிப்பாரு?"

துடைத்த கை வாயிலேயே நின்றது. "வலது கை, அண்ணி."

கைபேசியை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். அவர் கண் பந்தின் பின்னாலேயே போனது. அது குழியில் விழுந்தபோது தலை தானாக ஒருமுறை ஆடியது. இந்த நிலைமையிலும் அந்த அடி அவருக்கு இனித்தது. அதைப் பார்த்தபோதுதான் அவளுக்கு அறையத் தோன்றியது.

"பத்தொம்பது நிமிசம். அந்த மனுசன் சில்லுனு படிக்கட்டுல கெடக்காரு, நீ ஆடிட்டிருக்கே."

"பேர மாத்த முடியுமான்னு கூடத்துக்காரன்கிட்ட மல்லுக்கு நின்னுட்டிருந்தோம், அண்ணி. மாத்த முடியாதுன்னுட்டான்." தலையைக் குனிந்துகொண்டார். "அப்புறந்தான் அண்ணன எங்க காணோம்னு பாத்தோம்."

"அதுக்குத்தான் கேடயமா? உள்ள வந்து சொல்றேன் எல்லார்கிட்டயும். உன் பொண்டாட்டி சூப்பு ஊத்திட்டிருக்கா பாரு, அவளும் கேக்கட்டும்."

"சொல்லுங்க." பியோ நிமிர்ந்தார். "இந்தப் போன எடுத்தது நான்தான். அண்ணன் கையில இருந்துச்சு, தொறந்து பாத்தேன்." குரலைத் தாழ்த்தினார். "நாலு பதினாலுக்கு உங்களுக்கு போன் பண்ணிருக்காரு. எடுக்கல."

மலர்வளையத்தின் ரிப்பன் ஒன்று ஹீட்டரின் வெப்பக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

நாலு பதினாலுக்கு கும்-ஓக் கடையில் பொத்தான் பிரித்துக்கொண்டிருந்தாள். கைபேசி அதிர்ந்தது. யாரென்று பார்த்தாள். பார்த்து, குப்புறக் கவிழ்த்து வைத்தாள். கிடக்கட்டும் என்று வாய்விட்டுச் சொல்லவும் செய்தாள்.

"தோ-ஜின் கண்ணுல படுறதுக்குள்ள அத அழிச்சிட்டேன்," என்றார் பியோ. அதில் கெஞ்சலும் இல்லை, மிரட்டலும் இல்லை. விலையைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்கிற குரல். எதிராளி இனி என்ன கேட்டாலும் ஒரு பைசா இறங்காத குரல்.

அவள் முப்பது வருடம் கடையில் உட்கார்ந்தவள். அந்தக் குரலை அவளுக்குத் தெரியும்.

தோ-ஜின் தேடிக்கொண்டு வந்தான். கண் வீங்கியிருந்தது, கையில் கட்டிய துக்க நாடாவில் ஊதுவத்திச் சாம்பல் ஒட்டியிருந்தது. நாளைக் காலையில் பெட்டியோடு அந்தக் கேடயத்தையும் வைத்துவிடலாமா என்று கேட்டான். பதிலுக்குக் காத்திராமல், தரையைப் பார்த்தபடி, இன்னொன்றும் கேட்டான்.

"அப்பா சிரிச்சிட்டுத்தானே போனாரு?"

கும்-ஓக்கின் விரல் கைபேசியின் மேல் ஓடியது. வீடியோவை அழிக்கட்டுமா என்று அது ஒருமுறை கேட்டது. ஆம் என்றாள்.

"உங்க சித்தப்பாவக் கேளு," என்றாள் மகனிடம். "கூட இருந்தவரு அவருதான். நல்லா வெவரமாச் சொல்லுவாரு."

பியோ சொன்னார். அண்ணன் அடித்தார். பந்து ஒரே ஒரு குதி குதித்தது. திரும்பிப் பார்த்தார், சிரித்தார். கடைசி வார்த்தை வரைக்கும் அவள் அங்கேயே நின்று கேட்டாள். கொடிக்கம்பம் இந்தமுறை வரவில்லை.

பிறகு மூவரும் உள்ளே போனார்கள். பியோவின் மனைவி கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டு கும்-ஓக்கே பரிமாறினாள். பியோ சம்மணமிட்டு உட்கார்ந்தார். அவருக்கு முன்னால் சோறு வைத்தாள், சூப்பு வைத்தாள், முள்ளங்கி ஊறுகாய் வைத்தாள். கடைசியில் கரண்டியை எடுத்து, கிண்ணத்துக்கு இடப்பக்கம் வைத்தாள்.

பியோ அதைப் பார்த்தார். வலது கைக்கு மாற்றிக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தார்.