விற்றுத் தீர்ந்த மெத்தை

வீட்டுக்கு வந்தவர்களை நோகாமல் எழுப்பி அனுப்புவதற்கென்று தம்பி ஒரு மெத்தை செய்திருந்தான். அதை நாற்காலியில் போட்டு, விருந்தாளியை உட்காரவைத்து, உள்ளங்கைக்குள் அடங்கும் பொத்தானை அமுக்கினால் காற்று சத்தமில்லாமல் இறங்கும். பலகை தட்டுப்பட்டதும் வந்தவர் தானாகவே "அப்ப வரட்டுமா?" என்பார். யார் மனமும் புண்படாது. யாரும் வாங்கவும் இல்லை.

பெட்டிகள் அண்ணனின் பாத்திரக் கடைக் கிடங்கில் கூரையை முட்டி நின்றன.

"மாசக் கடைசிக்குள்ள இது நகரலைன்னா பழைய சாமான்காரனுக்குத் தூக்கிப் போட்டுருவேன்" என்றான் அண்ணன். சொன்னால் சொன்னதுதான், விலையில் மட்டும்தான் இறங்கி வருவான்.

தம்பி எல்லாப் பத்திரிகைகளுக்கும் எழுதிப் போட்டான். கிணற்றில் போட்ட கல். ஒரு நாளிதழ் மட்டும் நிருபரை அனுப்பியது. அந்தப் பெண் மெத்தையில் உட்கார்ந்து பார்த்தாள், சிரித்தாள், படம் எடுத்தாள். பிறகு கிடங்கை எட்டிப் பார்த்து, "இவ்வளவு பெட்டியா! விக்குதா சார்?" என்றாள்.

தம்பி வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டான். சரக்கு தேங்கிக் கிடக்கிறது என்று வெளியாளிடம் சொல்வது அவன் பரம்பரையிலேயே கிடையாது. நசுங்கிய வாளியைக்கூட, ரெண்டு பேர் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று சொல்லித்தான் விற்பான்.

"எல்லாம் புக் ஆனதும்மா. லாரிக்குத்தான் காத்திருக்கு. இனிமே கேட்டாலும் கிடைக்காது."

அவள் குறித்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அரைப்பக்கச் செய்தி. படம் பிரமாதம். தலைப்பு, "விருந்தாளியை எழுப்பும் மெத்தை: விற்றுத் தீர்ந்தது!"

ஒரே ஒருவர்தான் போனில் கூப்பிட்டார், அடுத்த சரக்கு எப்போது வரும் என்று கேட்க.

"இப்பவே இருக்குங்க! எத்தனை வேணும்?" என்றான் தம்பி.

"பேப்பர்லயே தீர்ந்துபோச்சுன்னு போட்டிருக்கான், உன்கிட்ட மட்டும் எப்படி இருக்கு? டூப்ளிகேட்டா?" வைத்துவிட்டார்.

"கடையில அப்படிச் சொன்னா பாய்ஞ்சு வாங்குவாங்களேடா" என்றான் அண்ணன்.

"கடையில வாளி கண்ணு முன்னாடி இருக்குண்ணே. பேப்பர்ல எங்க இருக்கு?"

அண்ணி கணக்குப் போடும் மேசையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ஊருக்கெல்லாம் இல்லைன்னு சொல்லியாச்சு. பழைய சாமான்காரன்கிட்ட மட்டும் இருக்குன்னு சொல்லப் போறாரு உங்கண்ணன்."

தம்பி நிருபரை அழைத்தான்.

"திருத்தம் போடலாம் சார். என்னன்னு போட?"

"ஒண்ணுகூட விக்கலைன்னு."

"அப்படியேவா?"

"அப்படியே போடுங்க."

அண்ணன் தலையில் கைவைத்தான். "விக்கலைன்னு பேப்பர்ல போடச் சொன்ன முதல் வியாபாரி நீதான்டா. இனி கடைத்தெருவுல நான் எப்படித் தலைகாட்டுவேன்?"

திருத்தம் தீப்பெட்டி அளவில் வந்தது. ஆனால் அன்று காலையிலிருந்து போன் ஓயவில்லை. "மலை மாதிரி தேங்கிக் கிடக்காமே? பாதி விலைக்குத் தருவியா?"

தம்பி சரி என்று சொல்லப் போனான். அண்ணன் போனைப் பிடுங்கிக்கொண்டான். வாரக்கணக்கில் இறுகிக் கிடந்த முகத்தில் வெளிச்சம்.

"பாதியா? வாங்க வேணாங்க, சும்மா வந்து உக்காந்து பாருங்க. விலை என்ன விலை, அப்புறம் பேசிக்கலாம்."

மாதக் கடைசியில் பெட்டிகள் இடுப்பளவுக்கு வந்திருந்தன. மிச்சத்தை மொட்டைமாடிக்கு ஏற்றிவிடலாமா என்று தம்பி கேட்டான்.

"தொடாதே" என்றான் அண்ணன். "குவியலைப் பாத்தாத்தான்டா வாங்க வர்றவனுக்குப் பேரம் பேசத் துணிவு வரும்."