மில்போரோ தொப்பிக்காரர்களின் கடைசிச் சனிக்கிழமை

எங்கள் கம்பனிக்கு அமெரிக்காவிலிருந்து டைப்றைட்டர் வரும். மரப்பெட்டியைத் திறந்தால் மேலே கசக்கிய பத்திரிகைக் காகிதம், கீழே கசக்கிய பத்திரிகைக் காகிதம், நடுவில் அடிபடாமல் டைப்றைட்டர். எல்லோரும் டைப்றைட்டரைப் பார்த்தார்கள், நான் காகிதத்தைப் பார்த்தேன். ஸ்டோர் கிளார்க் லோரன்ஸுக்கு மறை கழன்றுவிட்டது என்று ஆபீஸில் பேசிக்கொண்டது 1924லேயே என் காதுக்கு வந்தது. பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

நான் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன். மிஷன் பள்ளிக்கூடம் எனக்கு இங்கிலீசைக் கொடுத்தது, கிளார்க் வேலையைக் கொடுத்தது. சொந்தமென்று சொல்ல ஒருவரையும் மிச்சம் வைக்கவில்லை. லயத்துக்குப் போனால், "தொர வந்துட்டாரு" என்று ஓடிப்போய்க் கதிரை கொண்டுவந்து போட்டுவிட்டுத் தூர நிற்பார்கள். கண்டியில் மற்ற கிளார்க்குமார் கூடியிருக்கும் இடத்துக்குப் போனால் எனக்கு மட்டும் கதிரை இருக்காது. இரண்டு இடத்திலும் நிற்கத்தான் வேண்டும் என்றால் என் அறையிலேயே நின்றுகொள்ளலாமே.

அந்தக் காகிதமெல்லாம் மில்போரோ என்ற சின்ன ஊரின் பத்திரிகை. டைப்றைட்டர் செய்யும் ஆலை அங்கேதான் இருந்தது. அந்த ஊருக்குச் சம்பளத்துக்கு ஆடும் ஒரு பேஸ்போல் அணி உண்டு. 1894ல் தொப்பி ஆலைத் தொழிலாளர்கள் தொடங்கியதால் அதற்குத் 'தொப்பிக்காரர்கள்' என்று பெயர். மைதானத்தின் வலது வேலிக்கு அப்பால் ஆறு ஓடுகிறது. ஓங்கி அடித்தால் பந்து ஆற்றில் விழும். அதைப் பொறுக்கிவர அணிக்கு ஒரு படகுக்காரர் இருந்தார். 1911ல் ஒரே நாளில் ஏழு பந்து பொறுக்கினார். அடிப்பவனுக்குப் பின்னால் குந்தியிருந்து பந்து பிடிப்பவர், ஆட்டமில்லாத நாளில் சவப்பெட்டி செய்தார். முப்பத்தேழு வருடத்தில் அவர்கள் ஒரு தடவைகூடக் கிண்ணம் வாங்கவில்லை. நாலு தடவை கடைசி நாளில் தோற்றார்கள். இதெல்லாம் மூன்று கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். நான் பேஸ்போல் ஆட்டம் ஒன்றைக்கூடக் கண்ணால் கண்டவனல்ல. கொப்பியில் ஒரு எண் பிழை கண்டுபிடியுங்கள் பார்க்கலாம்.

ஒரு கஷ்டம், காகிதங்கள் வரிசையாக வருவதில்லை. பெட்டி கட்டுகிறவன் கைக்கு எது அகப்பட்டதோ அதைத் திணிப்பான். சவப்பெட்டிக்காரரின் சாவுச் செய்தியை வாசித்து ஒரு வாரம் சோறு இறங்காமல் இருந்தேன். அடுத்த பெட்டியில் அவர் கலியாணம் கட்டினார். வாழ்த்துவதா அழுவதா?

எல்லோரிலும் எனக்கு வேண்டியவர் ஹெல்லர், பந்து எறிகிறவர். பத்தொன்பது வயதில் வந்து நாற்பத்தொரு வயதிலும் அதே அணிக்கு எறிந்துகொண்டிருந்தார். மைதானத்துக்கு எதிரே ஒரு வாடகை அறையில் இருந்தார். 'ஆட்டம் முடிந்ததும் ஹெல்லர் தனியாகவே சாப்பிடுவார்' என்று ஒரு நிருபன் போகிறபோக்கில் எழுதியிருந்தான். அந்த வரியை மட்டும் கொப்பியில் சிவப்பு மையால் எழுதினேன்.

1932 பெப்ரவரியில் வந்த பெட்டியில் போன செப்டம்பர்க் காகிதம் இருந்தது. தொப்பிக்காரரும் எதிர் அணியும் சரிசமம். சனிக்கிழமை ஒரே ஓர் ஆட்டம் மிச்சம். எறியப்போவது ஹெல்லர், அதோடு அவர் ஆட்டத்திலிருந்து விலகுகிறார். அதற்கு மேல் காகிதம் இல்லை. தேயிலை விலை விழுந்துகிடந்த காலம். டைப்றைட்டர் வாங்க ஆள் இல்லை. கடலில் வந்துகொண்டிருக்கும் ஒரு பெட்டியோடு சரி, இனி எடுக்கப்போவதில்லை என்று மனேஜர் சொல்லிவிட்டார்.

நான் மாதா கோவிலுக்குப் போய்க் கிறகரி சாமியாரிடம் பூசை ஒன்று ஒப்புக்கொடுக்கக் கேட்டேன்.

"யாரு செத்தது?"

"யாரும் சாகல சாமி. ஒரு ஆட்டம் வெல்லணும்."

"எப்ப ஆட்டம்?"

"போன செப்டம்பர்."

சாமியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "முடிஞ்சுபோன ஆட்டத்துக்கா பூச கேக்குற?"

"ஆண்டவருக்கு முந்தி பிந்தி கெடையாதுன்னு ஞானோபதேசத்துல நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?"

அவர் மூக்குக்கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். மெழுகுதிரி கொளுத்திவிட்டுப் போகச் சொன்னார். நாலு கொளுத்தினேன்.

கடைசிப் பெட்டி வந்த நேரம் பார்த்து எனக்குக் காய்ச்சல். பத்து நாள் பாயில் கிடந்தேன். என்ன ஏது என்று எட்டிப் பார்க்க ஒரு மனிதர் இல்லை. எழுந்து ஸ்டோருக்குப் போனால் பெட்டி திறந்து, துடைத்து, மூலையில் கிடந்தது. பியோன் செல்லச்சாமி, "காயிதமா? வழக்கம்போல அக்குறண றிஸ்வி கடைக்குச் சாமான் சுத்த குடுத்துட்டேங்க" என்றான். நான் வேண்டியதை எடுத்த பிறகு மிச்சக் காகிதம் அங்கே போவதுதான் வழக்கம். இந்தத் தடவை எடுத்துவைக்க நான் இருக்கவில்லை. அவனுக்குக் கிடைத்த ஏச்சு அவனுக்குரியதல்ல என்று எனக்கே தெரியும், ஆனாலும் ஏசினேன்.

அடுத்த பஸ்ஸில் அக்குறணைக்குப் போனேன். றிஸ்வி கையை விரித்தார். "மல்லி, மொளகு, சீனி எல்லாம் அதுலதான் சுத்திப் போச்சு. ஊட்டுக்குள்ள சாச்சி மட்டும் அலுமாரித் தட்டுல விரிக்கக் கொஞ்சம் எடுத்தா."

சாச்சி என்றது அவருடைய தாயின் தங்கை, சித்தி றலியா. புருஷன் இறந்து, பிள்ளை இல்லாமல், கடைக்குப் பின்னால் இருந்த வீட்டில் ஓர் அறையில் இருந்தவர். றிஸ்வி என்னைத் திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் நிறுத்தி, விஷயத்தைச் சொல்லிவிட்டு, வியாபாரம் பார்க்கப் போய்விட்டார். உள்ளே தட்டிலிருந்து பீங்கான்கள் இறங்கும் சத்தம் கேட்டது.

"ஒரு மனிசர்ட படம் போட்ட காயிதம் ஈக்கி," என்றது உள்ளிருந்து குரல். "படத்தக் கீழ்ப்பக்கமாத்தான் விரிச்சேன். ஆனாலும் தூசி தட்டக்குள்ள பாப்பேன். பாவப்பட்ட மொகம். அதுவா?"

"தொப்பி போட்டிருக்காருங்களா?"

"ஓ. யாரு இவரு?"

என்னிடம் ஒருவர் இப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. சொன்னேன். தொப்பி ஆலை, ஆறு, படகுக்காரர், சவப்பெட்டிக்காரரின் கலியாணம், நாலு தோல்வி, எல்லாம் சொன்னேன். அவர், "ஏழு பந்துமா ஆத்துல?" என்று சிரித்தார். ஹெல்லர் தனியாகச் சாப்பிடுவதைச் சொன்னபோது சிரிக்கவில்லை. "ஆக்கிக் குடுக்க ஒத்தருமில்லையா?" என்று கேட்டார். எட்டு வருடமாக வாயை மூடிக்கிடந்தவனுக்குக் கால் வலித்தது தெரியவில்லை. நான் சந்தோஷமாக இருந்தேன், அதை ஒளிப்பானேன்.

திரைக்குக் கீழால் காகிதம் வந்தது. மடிப்பு மடிப்பாக இருந்தாலும் முழுசாக இருந்தது. ஹெல்லரின் படத்துக்குக் கீழே சனிக்கிழமை ஆட்டம். கடைசிச் சுற்றுவரை தொப்பிக்காரர் இரண்டுக்கு ஒன்று முன்னால். ஒருவன் ஓடுதளத்தில் நிற்க, எதிர் அணிக்காரன் ஹெல்லரின் பந்தை வலது வேலிக்கு மேலால் ஆற்றுக்குள் அடித்தான். மூன்றுக்கு இரண்டு, மறுபடி கடைசி நாளில் தோல்வி. படகுக்காரர் அன்றைக்குப் பந்தைத் தேடிப் போகவில்லை என்று எழுதியிருந்தது. அழுகை வந்துவிட்டது. முப்பத்தெட்டு வயது ஆம்பிளை, பிறத்தியார் வீட்டில், கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

"என்னெண்டு செல்லுங்க," என்றது குரல், அவசரத்தோடு. "வெண்டாரா?"

"வென்றுட்டாருங்க," என்றேன்.

"அல்ஹம்துலில்லாஹ்!"

உள்ளே பீங்கான்கள் மறுபடி தட்டில் ஏறின.

அறைக்கு வந்து கொப்பியை விரித்தேன். எட்டு வருடத்தில் ஒரு பொய் எண் எழுதாத கொப்பி. மூன்றுக்கு இரண்டு என்று எழுதப் பேனாவை எடுத்தேன், முடியவில்லை. உலகத்தில் ஒரு வீட்டிலாவது ஹெல்லர் வென்றிருக்கட்டும் என்று அந்த வரியை வெறுமையாக விட்டேன்.

அதன் பிறகு பெட்டி வரவில்லை. மறுபடி அக்குறணைக்குப் போக எனக்கு என்ன காரணம் இருக்கிறது? இரண்டு மாதம் கழித்து, மத்தியானம் ஸ்டோரில் சோற்றுப் பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தபோது றிஸ்வி வந்தார். கண்டிக்குச் சாமான் எடுக்க வந்தவர்.

"சாச்சி ஒங்கள்ட ஒண்டு கேட்டு வரச் சொன்னா. அந்தத் தொப்பிக்கார மனிசரப் பத்தி."

கிண்ணம் எவ்வளவு பெரிது, ஊர்வலம் எந்தத் தெருவால் போனது என்று எது கேட்டாலும் சொல்ல நான் பொய்களை அடுக்கி வைத்திருந்தேன். "கேளுங்க," என்றேன்.

"அவரு இன்னமும் தனியத்தான் தின்னுறாரா எண்டு கேக்கச் சொன்னா."

நான் பிரித்த பார்சலைப் பார்த்தேன். இதற்கு மட்டும் என்னிடம் பொய் இருக்கவில்லை.

"ஆமாங்க," என்றேன்.