நானூற்று ஆறு கிராம் களிமண்

வேதநாயகிக்குச் சும்மா இருக்கத் தெரியாது. செஞ்சி கடைத்தெருவில் முப்பது வருடமாக மளிகைக் கடை நடத்துகிறவளின் கை அது. அழுக்கைக் கண்டால் துவைக்கும், கலந்து கிடந்தால் பிரிக்கும், ஈரமாக இருந்தால் காயவைக்கும். அந்தக் கைதான் அந்தச் சனிக்கிழமை பெற்ற மகளின் படிப்புக்கு உலை வைத்தது.

மகள் மதுமதி புதுச்சேரியில் நிலவியல் ஆராய்ச்சி மாணவி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு மூட்டை மண்ணோடு பஸ்ஸை விட்டு இறங்கியவள் காய்ச்சலில் சுருண்டு படுத்துவிட்டாள். கடலோரத்து ஊர் ஒன்றில் புதிதாக வெட்டிய கிணற்றின் பக்கவாட்டில், இரண்டடிக்கு ஒன்றாக மேலிருந்து கீழ்வரை சுரண்டி எடுத்த பத்தொன்பது மண் மாதிரிகள். ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் பையில் கட்டி, நம்பர் எழுதிய துணிப்பைக்குள் போட்டிருந்தாள்.

காய்ச்சலோடு கிடக்கிற பெண்ணுக்கு ஒத்தாசையாக இருக்கட்டும் என்று மறுநாள் காலை வேதநாயகி களத்தில் இறங்கினாள். துணிப்பைகளைச் சோப்புப் போட்டு அலசினாள். பேனாவில் எழுதிய நம்பரெல்லாம் நுரையோடு சாக்கடைக்குப் போயிற்று. மண்ணை மொட்டைமாடியில் தனித்தனிப் பேப்பரில், மல்லி காயவைப்பதுபோல் காயவைத்தாள். காய்ந்ததும் புதுப் பைகளில் போட்டு, பருப்பைத் தரம் பிரிப்பதுபோல் பிரித்தாள். களி ஒரு பக்கம், மணல் ஒரு பக்கம், கூழாங்கல் ஒரு பக்கம். பார்க்க என்னவோ லட்சணமாகத்தான் இருந்தது.

ஞாயிறு மத்தியானம் காய்ச்சல் விட்டு எழுந்து வந்த மதுமதி, கடையின் பின்பக்கம் அந்த அடுக்கைப் பார்த்தாள். பார்த்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னாடி ஆச்சி? தலை சுத்துதா?"

"நம்பர் போட்ட பை எங்கம்மா?"

"தொவச்சி மடிச்சி வச்சிருக்கேன் பாரு."

"எது மேல இருந்துது, எது கீழ இருந்துதுன்னு இப்ப எப்படிம்மா கண்டுபிடிக்கிறது?"

"அதான் தரம் தரமா பிரிச்சி வச்சிருக்கேனே."

மதுமதி கத்தவில்லை. கத்தியிருந்தால்கூட வேதநாயகிக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"இது பருப்பு இல்லம்மா. இதுக்கு வரிசைதான் எல்லாமே. கடல் நிலத்துக்குள்ள ஏறி வந்தா, முன்ன கரையா இருந்த மணல் மேல களி படியும். இன்னும் உள்ள வர வர களி நைசாகிட்டே போகும். கடல் ரொம்ப உள்ள வந்து நின்னப்போ படிஞ்சதுதான் இருக்கறதுலயே நைஸ். அப்புறம் பின்னால போவும். களி மேல திரும்ப மணல் ஏறும். கடல் ரொம்ப இறங்கிடுச்சின்னா, ஆறு வந்து நிலத்தை அறுத்துட்டுப் போயிடும். அந்த வெட்டு மேல கூழாங்கல் கிடக்கும். ஒரு வெட்டுலருந்து அடுத்த வெட்டு வரைக்கும் ஒரு தொடர். அந்தக் கிணத்துல இது ரெண்டு தடவ நடந்திருக்குது. நீ ரெண்டையும் ஒண்ணா கலந்துட்ட."

"மறுபடி போயி எடுத்துக்கினு வந்துடலாம் இல்ல?"

"நேத்து கிணத்துக்குள்ள சுவரை மூடிக் கல்லு கட்ட ஆரம்பிச்சிட்டாங்க. நாளைக்குப் பத்து மணிக்கு கைடு சார்கிட்ட காட்டணும்."

கல்லூரியில் யாராவது வீட்டைப் பற்றிக் கேட்டால் மகள் 'பிசினஸ்' என்று சொல்லி நிறுத்திக்கொள்வாள் என்பது வேதநாயகிக்குத் தெரியும். தெரிந்தும் ஒரு நாளும் கேட்டதில்லை. எந்தக் கடையைச் சொல்லப் பெண் கூச்சப்பட்டதோ, அந்தக் கடைப் புத்தியே இப்போது அவள் காலை வாரிவிட்டது.

"ஈர எடை, காஞ்ச எடை எல்லாம் பாத்துப் பாத்து எழுதி வச்சேனே. அத்தனையும் வீணா" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

மதுமதி நிமிர்ந்தாள். "ஈர எடையா?"

"பின்ன? எவ்ளோ குறையுதுன்னு தெரிய வேணாமா? எடை பாக்காம யாராவது சரக்கைக் காயவப்பாங்களா?"

ஒவ்வொரு பையிலும் கறுப்பு மார்க்கரில் இரண்டு எண்கள் இருந்தன. மதுமதி ஓடிப்போய்த் தன் நோட்டை எடுத்துவந்தாள். அதில் ஆழத்துக்குப் பக்கத்தில் எடைக்கென்று ஒரு பத்தி. கடையின் சின்ன எலக்ட்ரானிக் தராசைக் கொண்டுபோய், கிணற்றடியிலேயே ஒவ்வொன்றையும் நிறுத்து எழுதியிருந்தாள்.

"'மண்ணுக்கு எதுக்கு எடை, மளிகைக் கடையா வச்சிருக்க'ன்னு சார் சிரிப்பாரும்மா. என்ன பண்றது, நிறுக்காம பையில போட எனக்குக் கை வரமாட்டேங்குது."

இருவரும் உட்கார்ந்தார்கள். அம்மா பையின் ஈர எடையைப் படிக்க, மகள் நோட்டில் தேடினாள். நானூற்று முப்பத்தொன்று, நான்கடி. முந்நூற்றுத் தொண்ணூறு, முப்பதடி. ஒவ்வொன்றும் தன் இடத்தில் போய் உட்கார உட்கார வேதநாயகிக்குப் போன உயிர் திரும்பிவந்தது. கடைசியில் இரண்டு பைகள் மிஞ்சின. இரண்டும் சாம்பல் நிறக் களி. இரண்டுமே நானூற்று ஆறு கிராம். ஒன்று பன்னிரண்டடி, இன்னொன்று இருபத்தாறடி.

மதுமதி நோட்டைப் பார்த்து யோசித்தாள். "இருபத்தாறுக்கு மேல உடனே மணல் வருது. கடல் பின்வாங்க ஆரம்பிச்ச நேரம், அதனால களியிலயே கொஞ்சம் நறநறப்பு இருக்கணும். பன்னெண்டுக்கு மேலயும் களி, கீழயும் களி. கடல் ரொம்ப உள்ள வந்து நின்ன நேரம் அதுதான். கையில தேச்சா ரெண்டும் ஒண்ணாத்தாம்மா இருக்குது."

வேதநாயகி ஒரு பையிலிருந்து துளி எடுத்து முன்பல்லில் வைத்துக் கடித்தாள். அரிசியில் கல் இருக்கிறதா என்று பார்க்கும் அதே கடி. வாயைக் கொப்பளித்துவிட்டு அடுத்ததையும் கடித்தாள்.

"இது மைதா. அதுல துளியூண்டு ரவை கலந்திருக்குது."

மதுமதி சிரித்துவிட்டாள். மைதாவுக்குப் பன்னிரண்டு என்றும், ரவைக்கு இருபத்தாறு என்றும் எழுதினாள். வேதநாயகி எழுந்துபோய்த் தராசுத் தட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு, கடையில் கூட்டமாக இருந்த நேரத்தில் மகளின் போன் வந்தது.

"சார்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேம்மா. நீ தொவச்சதுலருந்து."

"அதையெல்லாம் எதுக்குடி சொன்ன?"

"சொல்லாம எப்படி? வரிசைய எப்படிக் கண்டுபிடிச்சேன்னு கேட்டாரே. எங்க அம்மா செஞ்சியில மளிகைக் கடை வச்சிருக்காங்க சார், அவங்க எடை போட்டு வச்சிருந்தாங்கன்னு சொன்னேன். நோட்லயும் எழுதிட்டேன், கடை பேரோட. நீ இல்லன்னா இன்னிக்கி நான் இல்லம்மா."

போனைக் காதிலிருந்து எடுக்க வேதநாயகிக்கு மனம் வரவில்லை.

"துவரம்பருப்பு அரை கிலோ கேட்டேனே" என்றாள் வெகுநேரமாக நின்றிருந்த பவுனம்மாள்.

வேதநாயகி நிறுத்தாள். ஐந்நூறு கிராம் சரியாகக் காட்டிய பிறகும் அவள் கை இன்னொரு பிடி அள்ளிப் போட்டது. முப்பது வருடத்தில் முதல் தடவையாக, தராசு காட்டிய எண்ணை அவள் பார்க்கவில்லை.