காதருகில் நின்ற கை

...அப்படிப் பார்த்தால் போன் அடிக்காத கடையும் ஒரு நல்ல கடைதான், என்று நினைத்துக்கொண்டான், காலையிலிருந்து ஒருத்தரும் கூப்பிடவில்லை, படம் வரலை சார், படம் ஆடுது சார், படத்துல எங்க மாமியார் பேய் மாதிரி தெரியுறாங்க சார், ஒன்றும் இல்லை, கண்காணிப்புக் கேமரா விற்கிறவனுக்கு இப்படி ஒரு காலை எங்கே வாய்க்கும், திருடர்கள் எல்லாம் திருந்திவிட்டால் பிழைப்பு போச்சு, எல்லாரும் ஒரே ராத்திரியில் கிளம்பினால் மானம் போச்சு, இரண்டுக்கும் நடுவில் மூச்சு விட ஒரு காலை... கடையின் பின்னறையில், கப்பலில் வந்த அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே, அவன் ஒரு பெட்டியின் மேலேயே உட்கார்ந்து இன்னொரு பெட்டியின் மேல் போனைச் சாய்த்து வைத்திருந்தான், போனில் அப்பா இருந்தார், பஸ்ஸில் போனால் அரைநாள் தூரத்தில் இருக்கிற அப்பா, பழைய வீட்டின் கூடத்தில், அதே நாற்காலியில், வலது கையைக் காதருகில் தூக்கி வைத்துக்கொண்டு, காது அரிக்கிறது போல, சொறியட்டும், தன் காது, தன் வீடு, யார் கேட்கப் போகிறார்கள், கதவு சாத்தித்தான் இருந்தது, அதுதான் முக்கியம், கதவு சாத்தியிருந்தால் அப்பா உள்ளே இருக்கிறார், அப்பா உள்ளே இருந்தால் இவன் இங்கே பெட்டியின் மேல் உட்காரலாம்.

பெட்டியின் மேல் பருந்துப் படமும் இவன் வைத்த பெயரும் அச்சாகியிருந்தன, உள்ளே இருப்பது என்னவோ ஊர் உலகமெல்லாம் வேறுவேறு பெயரில் விற்கிற அதே கேமராதான், கடல் தாண்டி ஏதோ ஒரு தொழிற்சாலை செய்கிறது, இவனைப் போன்றவர்கள் அவரவர் ஸ்டிக்கரை ஒட்டிக்கொள்கிறார்கள், அது பருந்தாடா, குளிர்ல நடுங்குற கோழி மாதிரி இருக்கு என்று அப்பா சொன்னது, அவருக்கு எல்லாம் ஞாபகம் இருந்த காலத்தில்... அந்தத் தொழிற்சாலையை இவன் கண்ணால் பார்த்ததே இல்லை, பார்த்ததெல்லாம் வாத்து காட்டியதுதான், வாத்து என்பது அங்கே விற்பனையைக் கவனிக்கிற பெண், பெயர் வாயில் நுழையவில்லை, படத்துக்குப் பதில் ஒரு மஞ்சள் வாத்துப் பொம்மையை வைத்திருந்தாள், ஆகவே வாத்து. அவள் தன் பாஷையில் எழுதுவாள், மொழிபெயர்க்கிற யந்திரம் அதைத் தமிழாக்கித் தரும், 'மதிப்புக்குரிய நண்பனே, உங்கள் கேமராக்கள் மகிழ்ச்சியாக வெந்துகொண்டிருக்கின்றன' என்று வரும், பயந்து விசாரித்தால் சூட்டில் வைத்துச் சோதிக்கிறார்களாம். சாம்பிள் அனுப்பினாள், சாம்பிள் தங்கம், சாம்பிள் எப்போதும் தங்கம்தான், பெண் பார்க்கப் போன அன்று மாப்பிள்ளை மாதிரி, மொத்தமாக வந்து இறங்கிய பிறகுதான் குறட்டை தெரியும். இந்தச் சரக்கின் குறட்டை கடிகாரம். படத்தின் மூலையில் மணி ஓடும், நொடி நொடியாக, ஆனால் கரண்ட் போய் வந்தால் போதும், அது தன் பிறந்த ஊர் நேரத்துக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும், பிறகு போன் மேல் போன், சார் எங்க வீட்ல பட்டப்பகல்ல இருட்டா இருக்கு, சார் பால்காரன் மத்தியானம் வர்றான். இவன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு அடுத்த ஆர்டரில் எழுதினான், கடிகாரமே வேண்டாம், எடுத்துவிடுங்கள். வாத்து கேட்டாள், நிச்சயமாகவா நண்பனே, எல்லா வாடிக்கையாளரும் நேரத்தை விரும்புகிறார்கள். நிச்சயமாக. மறுபடி கேட்டாள். நிச்சயமாகத்தான் தாயே. எடுத்துவிட்டார்கள். புகாரும் நின்றது. அதைப் பெரிய ராஜதந்திரம் மாதிரி எத்தனை பேரிடம் சொல்லிச் சிரித்திருப்பான், நோய் தீரணுமா, நோயாளியோட வாயக் கட்டு...

என்னங்க, டீ ஆறுது, என்று முன்பக்கத்திலிருந்து மனைவி குரல் கொடுத்தாள், வந்தா வாங்க இல்லன்னா நானே ரெண்டையும் குடிச்சிடுவேன், எழுந்து போனான், கல்லாவில் உட்கார்ந்து அவள் ரெண்டாவது டம்ளரில் ஏற்கனவே வாய் வைத்திருந்தாள், உள்ள என்ன பண்றீங்க, உங்கப்பாவப் பாக்குறீங்களா உங்க சரக்கப் பாக்குறீங்களா, ரெண்டும் ஒண்ணுதான், ரெண்டையும் திருப்பி அனுப்ப முடியாது, என்றான், அவள் சிரித்தாள், அவளைச் சிரிக்க வைத்துவிட்டால் அன்றைக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி, கூட்டிட்டு வந்துடலாம்னு எத்தன தடவ சொல்றேன் என்று அடுத்ததை அவள் ஆரம்பிப்பதற்குள் நழுவ வேண்டும், அழைத்தால் அவர் வர மாட்டார், வந்தாலும் ரெண்டு நாளில் திரும்பிப் போய்விடுவார், இது எல்லாருக்கும் தெரிந்ததுதானே, ஆனால் கடைசியாக எப்போது அழைத்தோம்... கேமரா வைப்பதற்கு முன்பா பின்பா... டம்ளரோடு பின்னறைக்கு வந்தான். அப்பா இன்னும் காதைச் சொறிந்துகொண்டிருந்தார். அட, அப்படி என்னதான் அரிக்கிறது, எண்ணெய் விடச் சொல்ல வேண்டும், என்று ஒரு மிடறு குடித்தான். டம்ளரைப் பெட்டியின் மேல் வைத்தான். சொறிகிற கை அசைய வேண்டாமா. கை காதைத் தொடவே இல்லை, காதுக்கும் விரலுக்கும் நடுவில் ஒரு இடைவெளி, டீ குடிக்கப் போவதற்கு முன்னால் இருந்த அதே இடைவெளி, பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தபோது இருந்த அதே இடைவெளி, எவ்வளவு நேரமாக, யாருக்குத் தெரியும், மூலையில் மணி இல்லையே... இவன் போனைக் குலுக்கினான், போனைக் குலுக்கினால் அப்பாவின் கை ஆடுமா, ஆடும் என்று நினைத்த அந்த முட்டாள் யார், கேமரா வியாபாரி, ஊருக்கே பாதுகாப்பு.

முன்பக்கம் ஓடினான், கல்லாவுக்கு மேலே பருந்துக் கேமரா ஒன்று மாட்டியிருந்தது, விளம்பரத்துக்கு, அதன் அடியில் நின்று கையை ஆட்டினான், வேகமாக, கப்பலைக் கூப்பிடுகிறவன் மாதிரி, ஐயோ என்ன ஆச்சு உங்களுக்கு என்றாள் மனைவி, போனில் பார்த்தான், போனுக்குள் கடை இருந்தது, ஷட்டர் இறங்கியிருந்தது, கல்லாவில் ஆளில்லை, கை ஆட்டுகிறவனும் இல்லை, இவர்கள் இரண்டு பேரும் இன்னும் வந்து சேராத கடை. அவள் எட்டிப் பார்த்துவிட்டு, நாம எங்க, என்று கேட்டாள், சாதாரணமாகத்தான் கேட்டாள். அவனுக்குப் புரிந்துவிட்டது, விற்கிறவனுக்குப் புரியாதா, கூடத்தில் எடுக்கிற படம் நேராகக் கைக்கு வருவதில்லை, கடல் தாண்டிப் போய் அந்தத் தொழிற்சாலைக்காரன் வைத்திருக்கிற சர்வரைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் திரும்பி வரும், அந்த சர்வர் கண்ணை மூடினால் கடைசியாக வந்த படம் அப்படியே நிற்கும், போனில் உள்ள இந்த ஆப்புக்குப் படம் இல்லை என்று சொல்லத் தெரியாது, நாசூக்காகச் செய்திருக்கிறார்கள். வாத்துக்கு எழுதினான், என்ன ஆயிற்று, அவசரம், தயவுசெய்து. பதில் உடனே வந்தது, அதுவே நல்லதுக்கு இல்லை, வாத்து உடனே பதில் போடுகிற ஜாதி இல்லை. 'மதிப்புக்குரிய நண்பனே, தொழிற்சாலை தன் கதவை உறங்க வைத்துவிட்டது. கணினிகள் இன்று அணைந்தன. என் இதயம் மன்னிப்பில் நிற்கிறது. நான் இப்போது குழந்தைகளின் காலணிகள் விற்கிறேன். மிக மென்மையானவை. உங்களுக்குச் சாம்பிள் வேண்டுமா?' அவனுக்குச் சிரிப்பு வந்தது, நிஜமாகவே வந்தது, அவளும் என்ன செய்வாள் பாவம், நேற்றுவரை கண், இன்றைக்குக் கால்... யார் முகத்தில் துப்புவது, முகமே பார்த்ததில்லையே, ஒரு வாத்து, அவ்வளவுதான்.

அப்பாவின் போனுக்கு அடித்தான், மணி போனது, போய்க்கொண்டே இருந்தது, அப்பா போன் எடுக்க மாட்டார், போன் எடுக்கிறதையும் மறந்துவிட்டார், அது ஒன்றும் புதிதில்லை, எடுக்காததால் ஒன்றும் இல்லை என்று அர்த்தம், இல்லை, எடுக்காததால் ஒன்றுமே தெரியாது என்று அர்த்தம்... ஆயுசு முழுக்க மின்சார மீட்டர் படித்தவர், வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி, மீட்டர் என்று ஒரே வார்த்தை சொல்லி உள்ளே போய் வந்தவர், வேலையை விட்டு ஓய்வுபெற்றார், வேலை அவரை விடவில்லை, போன மழைக்காலத்தில் எழுந்து கிளம்பி யாரோ ஒரு வீட்டுக்குள் போய் மீட்டரைத் தேடியிருக்கிறார், புது வீடு, மீட்டர் வெளிச்சுவரில், உள்ளே எங்கே கிடைக்கும், அந்த வீட்டுப் பையன் திருடன் என்று பிடித்துத் தள்ளிவிட்டான், முழங்கை கிழிந்து ரத்தம், அதற்குப் பிறகுதான் இவன் பருந்தை எடுத்துக்கொண்டு போனான், தன் கையாலேயே மாட்டினான், ஆள் கதவைத் தாண்டினால் போன் கத்தும்ப்பா, என்றான், யாரு கத்துவா, போனுப்பா, எதுக்கு, நீங்க வெளிய போனா எனக்குத் தெரியணும்ல, தெரிஞ்சு, என்று கேட்டார் அப்பா, அதற்கு இவன் என்ன சொன்னான்... இன்றைக்குப் போன் கத்தவில்லை. எப்படிக் கத்தும். கத்துவதும் அந்த சர்வர்தான். எத்தனை வீடுகள், எத்தனை மகன்கள் மகள்கள் இந்த நிமிஷம் ஆபீஸில் போனை எடுத்துப் பார்த்து, அம்மா தூங்குறாங்க, குழந்த வெளையாடுது, என்று நிம்மதியாகக் கீழே வைக்கிறார்கள், ஒருத்தரும் கூப்பிட மாட்டார்கள், கூப்பிட என்ன இருக்கிறது, படம் அருமையாக வருகிறதே, எல்லாருக்கும் சொல்ல வேண்டும், எப்படிச் சொல்வது, ஐயா நீங்கள் பார்ப்பது போட்டோ என்றா... ஏங்க, மொதல்ல உங்கப்பாவப் பாருங்க, என்றாள் மனைவி, டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள், பக்கத்து வீட்டு அக்காவக் கூப்பிடுங்க, அந்த அக்கா ஒரு எட்டு போய்ப் பாக்கட்டும்.

அக்கா முதல் மணியிலேயே எடுத்தாள், என்ன தம்பி அதிசயமா, என்றாள், சொன்னதும், இரு இரு செருப்ப மாட்டிக்கிறேன், லைன்லயே இரு, என்றாள், செருப்புச் சத்தம், கேட்டின் கீச்சு, யாரோ ஒரு குழந்தையை அக்கா அதட்டுவது, பிறகு அப்பாவின் வீட்டு வாசல், அது வந்துவிட்டது என்று அவனுக்குத் தெரிந்தது, அக்காவின் குரல் சட்டென்று அகலமாகிவிட்டது, ஐயா... ஐயா உள்ள இருக்கீங்களா... தம்பி, கதவு தொறந்து கெடக்குது. அவன் போனைக் காதிலிருந்து எடுத்துப் படத்தைப் பார்த்தான், கதவு சாத்தியிருந்தது. நாற்காலில பாருங்கக்கா, நாற்காலில இருக்காரா. நாற்காலி காலியாத்தான் இருக்கு தம்பி. கொல்லப்பக்கம்? பாத்துட்டேன், இல்ல. போனு இங்கயே கெடக்கு. எப்பக் கெளம்புனாரு, என்று அக்காவே கேட்டாள், நீதான் கேமராலயே பாத்துக்கிட்டு இருக்கேன்னு சொன்னியே. முன்னல்லாம் நான் காலைல வாசல் தெளிக்கறப்ப ஒரு தடவ எட்டிப் பாப்பேன் தம்பி, நீ பொட்டிய மாட்டுனதுக்கு அப்புறம் நம்ம எதுக்கு நடுவுலன்னு விட்டுட்டேன், என்றாள், குற்றமாகச் சொல்லவில்லை, வெறும் தகவலாகச் சொன்னாள், அவள் மேல் கோபப்படவாவது வழி இருந்திருக்கலாம்...

சரி, நீ பதறாத, என்றாள் அக்கா, எங்க வீட்டுக்காரர பைக்க எடுக்கச் சொல்றேன், நீ என்ன சட்ட போட்டிருந்தாருன்னு மட்டும் சொல்லு, கேக்கறவங்ககிட்ட அடையாளம் சொல்லணும்ல. நல்ல வேளை, இதற்காவது அந்தப் படம் ஆயிற்று, அவன் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் படத்தை விரலால் பெரிதாக்கினான், காலர் தெரிந்தது, பையில் செருகிய பேனா தெரிந்தது, ஒரு பொத்தான் மாறிப் போட்டிருந்ததுகூடத் தெரிந்தது, அருமையான படம், சட்டை சாம்பலாக இருந்தது. நாற்காலியும் சாம்பல். கதவும். அப்பாவின் கையும். வெளிச்சம் இல்லாதபோது கேமரா கறுப்பு வெள்ளைக்கு மாறிக்கொள்ளும், இருட்டுல கூட கண் தெரியும் சார் என்று எத்தனை பேருக்கு விற்றிருக்கிறான், அப்படியானால் இது விடிவதற்கு முன்னால், அப்பா எழுந்து சட்டை மாட்டிப் பேனா செருகி உட்கார்ந்திருக்கிறார், எந்தத் தெருவை நினைத்துக்கொண்டு... மனைவி தோளுக்குப் பின்னால் வந்து நின்று பார்த்தாள், அந்த ஊதாச் சட்டையா இருக்குமோ, நாம எடுத்துக் குடுத்தது, என்றாள் மெதுவாக, ஊதாவா, நாம் எடுத்துக் கொடுத்தோமா, இல்லையா, பழுப்புக் கோடு போட்டது ஒன்று இருந்தது, அது எந்த வருஷம், தினமும் பார்த்தேனே, கடையை மூடிவிட்டுத் தினமும்தானே பார்த்தேன், அந்த நேரத்தில் அப்பா விளக்கை அணைத்திருப்பார், தினமும் இதே சாம்பல், இதே சாம்பல் அப்பா, ஒரு நாளும் ஏதோ குறைகிறது என்று தோன்றவில்லையே... தம்பி? இருக்கியா? என்ன கலருப்பா? என்று அக்கா கேட்டாள், அங்கே பைக் கிளம்புகிற சத்தம் கேட்டது, வெளிர்... என்றான் அவன், வெளிர்... அக்கா, ஒரு மாதிரி வெளிர்... அதற்குப் பிறகு எந்த நிறத்தின் பெயரும் அவன் வாயில் வரவில்லை.