ஆறு சிலிண்டர்

பார்க்கிற இடத்தில் எல்லாம் வணக்கம் வைக்க ஆள் இருந்தது மாஸ்டருக்கு. அந்த வட்டாரத்தில் கார் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் அவரிடம் கற்றுக்கொண்டவர்கள். சொந்தமாக ஒரு டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்தார். ஸ்கூல் என்றால் மாடிப்படிக்குக் கீழே ஒரு மேசை, வெளியே ஒரு போர்டு, ரெட்டை பிரேக் வைத்த சின்ன வெள்ளைக் கார், அவ்வளவுதான். அந்தக் காரின் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தே தலை நரைத்துப்போனது. மற்றவர்கள் ஓட்டுவார்கள், இவர் பிரேக்கை மிதிப்பார். நாற்பதைத் தாண்டி முள் போனால் அவருக்கே உள்ளங்கால் கூசும்.

அப்படிப்பட்ட மனுஷர் ஒருநாள், பாடம் முடித்த மாணவர் ஒருவருக்குக் கார் பார்த்துக் கொடுக்கப் பழைய கார் விற்கும் இடத்துக்குப் போனார். போனவர் ஒரு கறுப்புக் காரின் முன்னால் நின்றுவிட்டார். ஆறு சிலிண்டர், இரண்டு டர்போ, தோல் இருக்கைகள். புதிதாக வாங்கினால் ஒரு வீட்டு விலை. இப்போது கேட்டதோ ஒரு சாதாரணப் புதுக் காரின் விலை. விற்கிறவர் சாவியைக் கையில் திணித்து, சும்மா ஒரு ரவுண்டு போய்வரலாம் சார் என்றார். காலியான பைபாஸில் மாஸ்டர் ஆக்ஸிலரேட்டரை அழுத்தியதும் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. தான் சத்தம் போட்டுச் சிரித்துக்கொண்டிருக்கிறோம் என்பதே அவருக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது.

ஏன் இவ்வளவு மலிவு என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே.

மனைவியின் தம்பி ஒர்க்‌ஷாப் வைத்திருந்தான். அவனிடம் மட்டும் போனில், யாரோ ஒரு மாணவனுக்காக விசாரிப்பதுபோல விசாரித்தார்.

"இந்த மாதிரி கார் எல்லாம் முதல் ஓனருக்கு ஓட்டுறதுக்கு மாமா, ரெண்டாவது ஓனருக்கு ரிப்பேர் பாக்குறதுக்கு. வாங்கியே ஆகணும்னா இங்க கொண்டு வரச் சொல்லுங்க. தூக்கி வெச்சு அடியில பாத்துட்டுச் சொல்றேன்."

மாஸ்டர் சரி சரி என்று போனை வைத்தார். மறுநாளே கையெழுத்துப் போட்டுக் காரை வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். மருந்துக்கடை கவுண்டரில் நின்று கால் வீங்கித் திரும்பிய மனைவி, யார் வீட்டுக் கார் இங்கே நிற்கிறது என்று கேட்டாள். சேதி தம்பி காதுக்கும் போனது. அவன் ஒன்றும் சொல்லவில்லை. அதுவே மாஸ்டருக்குச் சுருக்கென்றது. இனி எது நடந்தாலும் அவன் பட்டறைப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டார்.

முதல் கொஞ்ச நாள் சொர்க்கம். அப்புறம் ஒரு காலையில் கார் ஒரு பக்கமாகச் சரிந்து உட்கார்ந்திருந்தது. காற்றில் நிற்கும் சஸ்பென்ஷன். ஒரு மூலையில் காற்றுப்பை கிழிந்து, அதை நிரப்பி நிரப்பிக் கம்ப்ரஸரும் போய்விட்டது. அதைச் சரிசெய்த கையோடு எண்ணெய் கசிந்து, சூடான சைலன்சர் குழாயில் விழுந்து கருகல் நாற்றம் வந்தது. கசிவை அடைக்கும் கேஸ்கட் என்னவோ சல்லிக்காசுதான். அதை மாற்ற எஞ்சினின் மேல்பாதியையே கழற்ற வேண்டும், அந்தக் கூலிதான் கண்ணைக் கட்டியது. பிறகு பிளாஸ்டிக் குழாய் ஒன்று அப்பளமாய் நொறுங்கி, எஞ்சினைக் குளிரவைக்கும் கூலன்ட் முழுக்க ரோட்டில் ஓடியது. கார்தான் பழசு, பார்ட்ஸுக்கு அது தெரியவில்லை. புதுக் காருக்கான விலையிலேயே வந்து இறங்கின.

கண்ணாடிச் சுவரும் காபி மெஷினும் வைத்த ஒரு பெரிய சர்வீஸ் சென்டரில்தான் எல்லாம் நடந்தது. அங்கே டை கட்டிய அட்வைசர் ஒருவர், இதை மட்டும் மாற்றிவிட்டால் அப்புறம் கவலையே இல்லை சார் என்பார். போன தடவையும் அதையேதான் சொன்னார் என்பது மாஸ்டருக்கு நினைவிருக்கும். ஆனாலும் தலையாட்டுவார். இவ்வளவு போட்டாயிற்று, இப்போது விட்டால் போட்டதெல்லாம் வீணாகிவிடும் என்பதுதான் அவர் கணக்கு. கழற்றிப் போட்ட காரை யாரும் வாங்கவும் மாட்டார்கள்.

அடுத்து கியர்பாக்ஸ். இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது பின்னாலிருந்து யாரோ இடித்ததுபோல உதறும். அட்வைசர் சொன்ன தொகை மாஸ்டர் கையில் இல்லை. அந்த வாரம் யாரிடமும் சொல்லாமல் வெள்ளைக் காரை விற்றார். கறுப்புக் காரைச் சரிசெய்து நல்ல விலைக்குத் தள்ளிவிட்டு, வெள்ளைக் காரை மீட்டுக்கொள்ளலாம் என்பது திட்டம். மாணவர்களிடம் வண்டி சர்வீசில் இருக்கிறது என்றார். வீட்டிலும் அதையே சொன்னார். காலையில் வழக்கம்போலக் கிளம்பிப்போய் மாடிப்படிக்குக் கீழே மேசையில் உட்கார்ந்திருப்பார்.

ஒருநாள் சாயங்காலம் மனைவி கைப்பையைக்கூடக் கழற்றாமல் அவர் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"நம்ம வெள்ள வண்டி எங்கங்க?"

"அதான் சர்வீஸ்ல…"

"எங்க மருந்துக்கடை வாசல்ல போச்சு. மேல வேற ஸ்கூல் போர்டு. உங்க சீட்ல வேற ஒருத்தர்."

அவள் அழவும் இல்லை, கத்தவும் இல்லை. "அதுலதானங்க நாம சாப்பிட்டோம்" என்று மட்டும் சொன்னாள்.

கறுப்புக் காரை விற்றே தீர வேண்டும் என்றாகிவிட்டது. கியர்பாக்ஸ் மாற்றிய பிறகு கார் வெண்ணெயாக ஓடியது உண்மை. ஆனால் காலையில் ஸ்டார்ட் செய்ததும் எஞ்சினின் பின்பக்கத்திலிருந்து சில விநாடிகள் சில்லறையைக் குலுக்குவதுபோல ஒரு சத்தம். வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடவைக்கும் டைமிங் செயின் தளர்ந்திருக்கிறது, எஞ்சினையே கீழே இறக்கித்தான் மாற்ற முடியும் என்றார் அட்வைசர். மாஸ்டர் அந்தச் சத்தம் அடங்கும்வரை பாட்டை உரக்க வைத்துக்கொள்ளப் பழகினார். வாங்க வருகிறவரிடம் அதைச் சொல்வதாக இல்லை. தன்னிடம் யார் சொன்னார்கள்?

பக்கத்து நகரத்தில் ஒருவர் வாங்கச் சம்மதித்தார். கொண்டுபோய்க் கொடுக்கும் அன்று மனைவியும் ஏறிக்கொண்டாள். கார் இல்லாமல்தான் திரும்பி வருகிறார் என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும் அவளுக்கு. பாதி வழியில் நீளமான காலி ரோடு வந்தது. இனி இந்தக் கார் தன்னுடையதல்ல என்று நினைத்தார் மாஸ்டர். கடைசியாக ஒரே ஒரு தடவை. முழுக்க அழுத்தினார்.

கார் பாய்ந்தது. மனைவி கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டாள். முள் ஏறிக்கொண்டே போய், படாரென்று ஒரு சத்தம். அப்புறம் எஞ்சின் சத்தமே இல்லை. டயர் உருளும் ஓசை மட்டும். ஸ்டியரிங் இரும்பாக இறுகிவிட, இரண்டு கையாலும் இழுத்து ஓரத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். ஸ்டார்ட் பட்டனை அழுத்தியபோது உள்ளே எதுவோ எதிலோ முட்டி நின்றது.

அவள்தான் தம்பிக்குப் போன் செய்தாள். அவன் டோயிங் வண்டியோடு வந்தான். சொன்னேனே என்று ஒரு வார்த்தை அவன் வாயிலிருந்து வரவில்லை. பட்டறையில் எஞ்சினைப் பிரித்துப் பார்த்த பிறகு இருவரையும் வரச்சொன்னான்.

"செயின் அறுந்து வால்வு அத்தனையும் வளைஞ்சிருச்சு மாமா. பிஸ்டனும் அடி வாங்கிருச்சு. இதுல இனி ஒண்ணும் இல்ல. பார்ட் பார்ட்டாப் பிரிச்சுக் குடுத்தா ஏதோ தேறும்."

மாஸ்டர் திறந்து கிடந்த எஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டார்: "செகண்ட் ஹேண்ட்ல ஒரு எஞ்சின் கிடைக்காதா? தெரிஞ்ச இடம் ஏதாவது…"

தம்பி அக்காவைத் திரும்பிப் பார்த்தான். கார் உடைந்தபோதுகூட அவள் முகம் அப்படி ஆகவில்லை. "என்னை பஸ் ஸ்டாண்டுல விட்டுருடா, நான் வீட்டுக்குப் போறேன்" என்று தம்பியிடம் சொல்லிவிட்டு வெளியே நடந்தாள்.

முதலில் ஹெட்லைட்டுகளை ஒருவர் கழற்றிக்கொண்டு போனார். அப்புறம் சீட்டுகள், சக்கரங்கள், புதிதாகப் போட்ட கியர்பாக்ஸ். கடைசியில் கூட்டை எடைக்குப் போட்டார்கள். வந்த பணத்தைத் தம்பி அக்கா கையில் கொடுத்தான். எவ்வளவு என்று மாஸ்டர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

மாடிப்படிக்குக் கீழே இருந்த போர்டை இறக்கியாயிற்று. மாஸ்டர் இப்போது இன்னொருவர் ஸ்கூலில் தினக்கூலிக்குப் போகிறார். வீட்டில் சண்டை ஒன்றும் இல்லை. சாப்பாடு மேசையில் இருக்கும். தண்ணீர் வந்ததா, பால்காரர் வந்தாரா என்ற அளவுக்குப் பேச்சு இருக்கும். சில சாயங்காலங்களில் சாப்பிடக் கூப்பிட அறை வாசல்வரை வருவாள். உள்ளே அவர் போனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, எங்கோ யாரோ விற்கப் போட்டிருக்கும் எஞ்சின் ஓடுவதை வீடியோவில் பார்த்துக்கொண்டிருப்பார். சத்தத்தை நன்றாகக் குறைத்து வைத்திருப்பார். ஆனாலும் அவளுக்குக் கேட்கும். கூப்பிடாமல் திரும்பிப் போய்விடுவாள்.