இடது கன்னம்

ரொட்டிக்கடை அக்காவுக்கு அது இடது கன்னத்தில்தான் வந்தது. காதோரம் தொடங்கித் தாடை வரைக்கும் செக்கச்செவேலென்று தடிப்பு. அரிப்பென்றால் அரிப்பு, அப்படியோர் அரிப்பு. வலது கன்னமோ எனக்கென்ன வந்தது என்று வழவழப்பாக இருந்தது. பாதி முகத்துக்கு மட்டும் வருகிற நோய் எந்த ஊர் நியாயம், சொல்லுங்கள்!

எதைத் தின்றால் பித்தம் தெளியும் என்கிற கதையாகிவிட்டது. தங்கச்சி முட்டையை நிறுத்தச் சொன்னாள், நிறுத்தினாள். மேல்வீட்டுக்காரி சோப்பை மாற்றச் சொன்னாள், மாற்றினாள். பவுடர் போச்சு, புதுத் தோடு போச்சு. கைப்பேசியை வலது காதில் வைத்துப் பேசிப் பாருங்களேன் என்றார் மருந்துக்கடைக்காரர். பத்து நாள் அப்படியே பேசினாள். வலது காது வலித்ததுதான் மிச்சம்.

தோல் டாக்டரம்மா கன்னத்தை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது அடுத்தவங்களுக்கு ஒட்டாதும்மா. எதுவோ படுது, ஒத்துக்கல. என்னன்னுதான் பிடிபடல" என்றார். ஒட்டாது என்று ஒரு சீட்டும், தடவ ஒரு களிம்பும் கொடுத்தார். களிம்பு தடவினால் தணிந்தது. நிறுத்தினால் திரும்ப வந்தது.

சீட்டைக் கொண்டுபோய் முதலாளியம்மாவிடம் நீட்டினாள்.

"இதைக் கண்ணாடி போட்டுக் கடை வாசல்ல மாட்டவா?" என்றாள் முதலாளியம்மா. "ரொட்டி வாங்க வர்றவங்க சீட்டையா பாப்பாங்க? உன் மூஞ்சியத்தான் பாப்பாங்க. ஒரு மாசம் வீட்ல இரு. சரியாயிட்டா வா. இல்லேன்னா வேற ஆளு போட்டுக்கிறேன், தப்பா நெனைக்காதே."

தப்பாக நினைக்காமல் வேறெப்படி நினைப்பதாம்! ஒன்பது வருஷமாக அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நின்றவள். யாருக்கு ஓரம் கருகின ரொட்டி பிடிக்கும், யாருக்கு நடுத்துண்டு வேணும் என்று முகத்தைப் பார்த்தே எடுத்துக் கொடுப்பாள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். கண்ணீர் பட்டு அதுவும் எரிந்தது.

தங்கச்சி ஆறுதல் சொன்னாள். "போனா போகுது விடுக்கா. மாமாதான் ஆபீஸ் போறாரே."

அந்த மாமாவுக்கு அப்போது பார்த்துப் புரையேறியது. "அவ வேலை போகக் கூடாது" என்றார். சொன்ன வேகத்தில் அக்காவே திரும்பிப் பார்த்தாள். அரிக்கிறது எனக்கு, இந்த மனுஷன் ஏன் இப்படி வேர்த்துக் கொட்டுகிறார்?

முகத்தில் படுவதையெல்லாம் எழுதி வரச் சொல்லியிருந்தார் டாக்டரம்மா. குமாஸ்தா இல்லையா, புருஷன்தான் கோடு போட்டு எழுதினார். சோப்பு, தண்ணீர், துண்டு, தலையணை, மாவுத்தூசி, அடுப்புச் சூடு என்று பதினேழு வந்தது. ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தார்கள். ம்ஹூம்.

நடுவில் ஒரு வாரம் தங்கச்சி வீட்டில் போய் இருந்தாள். கன்னம் வாடி அமுங்கியது. வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் மறுபடியும் தடிப்பு! அப்படியென்றால் வீடுதான் என்று, சுவரைத் தேய்த்துக் கழுவினார் புருஷன். தலையணையைத் தூக்கி எறிந்தார். தங்கச்சி போனில் சிரித்தாள். "உனக்கு மாமாதான்க்கா ஒத்துக்கல!"

"போடி இவளே" என்றாள் அக்கா.

மாசம் முடியப் பன்னிரண்டு நாள் இருந்தபோது இரண்டு பேரும் மறுபடி டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்தார்கள். அக்காவுக்கு மண்டை காய்ந்திருந்தது. நிறுத்த இனி என்ன பாக்கி, மூச்சு விடுவதைத்தான் நிறுத்தணும்.

டாக்டரம்மா பட்டியலைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "நீங்க தடவுறது சரி. வீட்ல வேற யாராவது தடவுறாங்களா? தைலம், வலிக்குப் போடுற களிம்பு, ஏதாவது?"

"எங்க வீட்ல தைலமே கிடையாது டாக்டர்" என்றாள் அக்கா. "இவருக்கு நாற்காலியில உக்கார்ற உத்தியோகம். எங்கே வலிக்கப் போகுது?"

பக்கத்தில் நாற்காலி கிறீச்சிட்டது. திரும்பினாள். புருஷன் சாப்பாட்டுப் பையைத் திறந்து, பாதி பிதுக்கிய ஒரு களிம்புக் குழாயை எடுத்து மேசைமேல் வைத்தார். வாசனையே இல்லாத களிம்பு. பிறகு சட்டையின் மேல் பொத்தான்களைக் கழற்றினார். வலது தோள் கன்றிக் காய்த்துப் போயிருந்தது.

"ஆபீஸை மூடிட்டாங்க. நாலு மாசமாச்சு" என்றார் மேசையைப் பார்த்தபடி. "கிடங்குல மூட்டை தூக்குறேன்."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது என்பார்களே, அதுதான். அக்காவுக்கு ஒன்றும் ஓடவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அந்தத் தோளில்தான் இடது கன்னத்தை வைத்துத் தூங்குவாள். கொஞ்ச நாளாக மெல்லிசுச் சட்டை போட்டுப் படுத்தார், கேட்டால் குளிர்கிறது என்றார். முகத்தில் என்ன படுகிறது என்று கேட்டால் புருஷன் தோள் என்று எவள் எழுதுவாள்?

"அப்போ அவருக்கு ஏன் வரல?" என்று மட்டும் கேட்டாள், குரல் யாருடையதோ போல.

"இந்த மாதிரி களிம்பு சிலதுல வெயில் பட்டாத்தான் வம்பு. அவர் தோள் சட்டைக்குள்ள இருக்கு. உங்க கன்னம் வெயில்ல நடக்குது." டாக்டரம்மா பட்டியலில் பதினெட்டாவதாக ஒன்றை எழுதிவிட்டு, லேசாகச் சிரித்தார். "இதை விட்டுடுங்க. அவருக்கு வேற மருந்து தர்றேன். தலையணை உறை, சட்டை எல்லாம் துவைங்க. வெயில் படாம பாத்துக்குங்க, நான் முன்னாடி கன்னத்துக்குத் தந்த களிம்பை நாலு நாள் போடுங்க. பத்து நாள்ல கடைக்குப் போகலாம்."

தெருவில் நிழலாகப் பார்த்து நடந்தார்கள். கடைக்குப் போகலாம் என்றதற்குச் சந்தோஷப்படுவதா, நாலு மாசம் வாயே திறக்காத மனுஷனை உலுக்குவதா, அழுவதா என்று அக்காவுக்குத் தெரியவில்லை.

"ஒரு நாளைக்கு எத்தனை மூட்டை?"

"எண்பது இருக்கும்."

"வலிக்குதா?"

"பழகிடுச்சு."

"பொய் சொன்னா பல்லைத் தட்டிடுவேன்."

"வலிக்குது" என்றார்.

அடுத்த மரத்தடி வந்ததும் நின்றாள். பிறகு அந்த வலது தோளைச் சட்டைக்கு மேலேயே, நோகாமல் தொட்டாள்.

"நாளையிலிருந்து மூட்டையை அந்தப் பக்கம் தூக்குங்க" என்றாள். "இது என்னோடது."